நடுவர்களின் முதுகுக்குப் பின்னால்

உங்கள் அலுவலகத் தேநீரைப் பற்றி வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், அம்மா. நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கத்திப் பிழைக்கிற தொண்டைக்கு அதுவும் இதமாகத்தான் இறங்குகிறது.

நானாகவே வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த மூன்று குத்துச்சண்டை நடுவர்களையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார்கள் என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. பாவம், மூன்று பேரும் தங்கமானவர்கள். அதில் அந்தப் பல் மருத்துவர் அம்மா இருக்கிறாரே, அவரிடம் ஒரு மிட்டாயை நீட்டினால்கூட முகத்தைச் சுளிப்பார். அவர்கள் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். காதுக்குள் போனது முழுக்க என் கைங்கரியம். நான் வாய் மூடி இருந்து அடுத்தவர் சோற்றில் மண் விழக் கூடாது, பாருங்கள். அதனால்தான் வந்தேன்.

நான் பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவன். வண்டி நிரம்பும்வரை ஊர் பெயரைக் கத்த வேண்டும். கேட்டால் இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் காலி வண்டியில் ஒருவரும் ஏற மாட்டார்கள். வண்டியைவிட, உள்ளே உட்கார்ந்திருக்கிற தலைகளைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். ஜன்னல் ஓரத்தில் நம் ஆள் இரண்டு பேரை உட்கார வைத்து, “கிளம்பிருச்சு, கிளம்பிருச்சு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அதுவரை நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுவார். மூச்சு வாங்கிய பிறகுதான் வண்டி எங்கே போகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஒருமுறை ஒரு மனிதர் இறங்கவேண்டிய ஊரிலேயே ஏறி, திரும்ப அதே ஊருக்கு வந்து இறங்கினார். எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மாப்ளயைப் பற்றிச் சொல்கிறேன். என் ஒரே தங்கச்சியின் வீட்டுக்காரர். டயர் கடையில் வேலை. அந்தக் கடையின் மாடியில்தான் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம். சாயங்காலம் கீழே கையைக் கழுவிவிட்டு மேலே போய்க் கையுறை மாட்டுவார். வாயைத் திறந்து அவர் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார், எழுந்து போய் எடுத்துக்கொள்வார். என் வீட்டுக்காரிதான் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் நாலு வார்த்தை வேண்டுமே.

நல்ல குத்துச்சண்டைக்காரரா என்று கேட்டால், நல்ல மனிதர் என்று சொல்வேன். எதிராளி தடுமாறினால் இவர் ஒரு அடி பின்னால் போய் நிற்பார், ஏதோ வழியில் இடித்துவிட்ட மாதிரி. ஆரம்பத்தில் எல்லாப் போட்டியிலும் தோற்றார். வீங்கின முகத்தோடு வந்து சிரிப்பார். தங்கச்சிக்குத்தான் மனசு ஆறாது. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். கூட வேலை பார்க்கிறவர்கள், “உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு எத்தனை வாங்கினார்?” என்று கேட்பார்களாம், ஏதோ காய்கறி வாங்கப் போனவரைக் கேட்பது போல.

ஒருநாள் பெருமழை. வண்டிகள் ஓடவில்லை. நிலையத்தில் சும்மா நின்ற ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழக்கடைக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மாப்ளயின் போட்டிக்குப் போனேன். பொழுது போகட்டுமே என்றுதான். தொண்டை கிழியக் கத்தினோம். “கோட்டான், கோட்டான்” என்று ஓட்டுநர் ஒருவர் ஆரம்பித்தார். அது ஹாரன் அடிக்கிற தாளத்துக்கு அருமையாகப் பொருந்தியது. மாப்ள ஜெயித்தார். ரிங்குக்குள் நிற்கிற ரெஃப்ரி அவர் கையைத் தூக்கியபோது, தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி முழித்தார்.

அன்றைக்கு எனக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிய வைத்தவள் என் வீட்டுக்காரி. யாரோ கைப்பேசியில் எடுத்த அந்தப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை அடுப்படி மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் எங்கள் மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தத்தை அணைத்திருந்தாள். கையில் வெங்காயம்.

“என்னங்க, பாவம், இவரு இந்த வாங்கு வாங்குறாரே.”

“யாரு, அந்த ஆளா?”

“இல்லைங்க. நம்ம கோட்டான்.”

“ஜெயிச்சதே அவர்தான்டி.”

“எங்க ஜெயிச்சார்? காட்டுங்க பாப்போம்.”

நான் சத்தத்தை வைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. “அட, ஆமா. இப்ப ஜெயிக்கிறார்” என்றாள். பிறகு அவளே சத்தத்தை அணைத்தாள். “இந்தா, தோத்துட்டார்.” வைத்தாள். “ஜெயிச்சுட்டார்.” அணைத்தாள். “தோத்துட்டார்.” இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மகள் எழுந்து வந்து, “என்னைத் தூங்கச் சொல்லிட்டு நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டாள்.

வீட்டுக்காரி அன்றோடு அதை மறந்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

நீங்கள் எப்போதாவது நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா, அம்மா? நான் உட்கார்ந்து பார்த்தேன். அரங்கத்தைத் துப்புரவு செய்கிறவர் நமக்குத் தெரிந்தவர்தான். ரிங்கின் மூன்று பக்கத்தில் மூன்று நாற்காலி. எங்கே உட்கார்ந்தாலும் பாதி நேரம் யாராவது ஒருவரின் முதுகுதான் தெரியும். குத்து கன்னத்தில் பட்டதா, கையுறையில் பட்டதா, காற்றில் போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பின்னால் இருநூறு பேர் “ஓ” என்று எழுந்தால், கண் விட்டதைக் காது நிரப்பிவிடும். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் காதுக்கு இமை கிடையாதே.

அதன் பிறகு கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன். நம் ஆட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் மூன்று நடுவர்களின் முதுகுக்குப் பின்னாலும் பிரித்து உட்கார வைத்தேன். மாப்ளயின் கை நீண்டதும் சத்தம் எழ வேண்டும். முன்கூட்டியே எழுந்தால் நாடகம் என்று தெரிந்துவிடும், தாமதித்தால் பிரயோசனம் இல்லை. எதிராளி நன்றாக ஒரு குத்து விட்டால் கத்தவே கூடாது. லேசாகச் சிரிக்க வேண்டும். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து விட்ட குத்துக்கு முந்நூறு பேர் சிரித்தால், அது பட்டிருக்காது என்று குத்தியவனுக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு நான் சேர்த்துக்கொண்ட சலவை நிலையத்துப் பெண்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் சிரிப்பு அவ்வளவு இயல்பாக இருக்கும்.

மாப்ள வரிசையாக ஜெயித்தார். அந்த மாதங்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ரொட்டித் தொழிற்சாலை வாசலில் மாப்ளயின் படத்தை ஒட்டினார்கள். யாரும் தங்கச்சியிடம் எத்தனை வாங்கினார் என்று கேட்கவில்லை. அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். நிலையத்தில் ஓட்டுநர்கள் என்னைப் பார்த்ததும் ஹாரனில் “கோட்டான், கோட்டான்” என்று அடிப்பார்கள். பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளே ஜில்லென்று இருக்கும்.

மாப்ளதான் ஒட்டாமல் இருந்தார். ஒரு போட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“மச்சான், நான் ஜெயிக்கலை.”

“கையைத் தூக்கினாங்களே, மாப்ள.”

“தூக்கினாங்க. என் மூஞ்சிக்குத் தெரியும்ல.”

அதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மைதான், தோற்றவர் முகம்தான். ஆனால் வெளியே தங்கச்சி எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

அவருடைய பயிற்சியாளரும் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்த மனிதர். “ஜெயிக்க ஜெயிக்க மேல மேல ஆளைப் போடுறாங்கப்பா. வர்றவன் எல்லாம் நிஜமாவே ஜெயிச்சுட்டு வர்றவன். நம்ம பையன் அப்படி இல்லையே. அடுத்த தடவை உன் பட்டாளத்தை வீட்ல விட்டுட்டு வாயேன்” என்றார். அவருக்கு வயதாகிவிட்டது, பயப்படுகிறார் என்று நினைத்தேன். சரி மாஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தற்செயலாக அந்த அடுத்த தடவை என்னால் போக முடியவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். நான் இல்லாமல் பட்டாளமும் போகவில்லை. மாப்ள தோற்றார். அதற்குச் சாயங்காலம் ஆறுதல் சொல்லலாம் என்று தங்கச்சி வீட்டுக்குப் போனால், மனிதர் விசில் அடித்துக்கொண்டு தட்டுக் கழுவுகிறார். அவர் விசில் அடித்து அதுவரை நான் கேட்டதே இல்லை. “மச்சான், டயர் கடை முதலாளி புதுக் கிளை திறக்கிறார். என்னைப் பாத்துக்கச் சொல்றார்” என்றார். தங்கச்சி அவர் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது, அம்மா. நன்றி கெட்டதனம் என்று சொல்ல மாட்டேன், பெரிய வார்த்தை. ஆனால் அத்தனை பேர் தொண்டையைக் கொடுத்து ஏற்றிவிட்ட இடத்திலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்து தட்டுக் கழுவுவதா? வீட்டுக்கு நடந்து போகும்போது பேருந்து நிலையம் வழியாகத்தான் போனேன். ஒரு ஹாரனும் அடிக்கவில்லை.

கடைசியாக மோதினாரே, அந்தத் தச்சரோடு போட்டியை நான்தான் ஏற்பாடு செய்யச் சொன்னேன். கடைசியாக ஒன்று, பெரிய அரங்கத்தில், கௌரவமாக முடித்துக்கொள்ளட்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். மாஸ்டர் வேண்டாம் என்றார். மாப்ள தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். மாப்ள தலையை ஆட்டினார்.

தச்சர் நல்ல மனிதர். மேஜை நாற்காலி செய்கிறவர். பலகையை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் ஆளையும் பார்த்தார், எங்கே இழைக்க வேண்டும் என்று. இரண்டாவது ரவுண்டிலேயே மாப்ளயின் இடது கண் மூடிக்கொண்டது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஏனென்றால் சத்தம் அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நான் கூட்டி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் சீட்டு வாங்கி வந்தவர்கள். ஆனால் அவர்களும் நம்மோடு ஏறிக்கொண்டார்கள். நான் கையை உயர்த்தினால் அரங்கம் எழுந்தது, தாழ்த்தினால் உட்கார்ந்தது. தச்சர் குத்தும்போது ஊரே சிரித்தது. பல் மருத்துவர் அம்மா ரிங்கைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். அவர் தோள் எங்கள் தாளத்துக்கு லேசாக அசைந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

கடைசி ரவுண்டின் நடுவில் மாப்ள கயிற்றில் சாய்ந்தார். ரெஃப்ரி தச்சரை ஒதுங்கச் சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தார். எட்டு வரை எண்ணிவிட்டு மாப்ளயின் முகத்தருகே குனிந்து, ஆட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றால் அவ்வளவுதான், அந்த நிமிஷமே போட்டி முடிந்தது. அதுதான் உங்கள் விதி.

பேருந்து நிலையத்தில் நாங்கள் காதால் பேசிக்கொள்வதில்லை. ஹாரன் சத்தத்தில் என்ன கேட்கும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் வாயை அசைப்பார், இந்தப் பக்கம் நாங்கள் படித்துக்கொள்வோம். பழகிவிட்டது. மாப்ளயின் உதடு அசைந்ததை நான் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். “போதும்” என்றார். ரெஃப்ரிக்குக் கேட்கவில்லை. காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். மாப்ள அவரைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தார். “போதும் மச்சான்” என்றார்.

நான் இரண்டு கையையும் உயர்த்தினேன்.

மொத்த அரங்கமும் எழுந்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. ரெஃப்ரி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேர் எழுந்து நின்று உற்சாகப்படுத்துகிற ஒருவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். போட்டியை நிறுத்தச் சொல்லி மாஸ்டர் துண்டை எடுத்து வீசத்தான் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரெஃப்ரி இருவரையும் ஆடச் சொல்லிக் கை காட்டினார். தச்சர் கொஞ்சம் தயங்கினார். தயங்கியவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

மணி அடிக்கும்வரை மாப்ள விழவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்களைக் கூட்டி, மூன்று நடுவர்களும் அவர்தான் ஜெயித்தார் என்றார்கள். ரெஃப்ரி அவர் கையைத் தூக்கினார். கையை விட்டதும் மாப்ள விழுந்தார்.

மீதி உங்களுக்குத் தெரியும், மருத்துவமனைத் தாள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். தச்சர் அவருக்கென்று ஒரு நாற்காலி செய்து கொண்டுவந்து கொடுத்தார். தலை சாயாமல் தாங்க இரண்டு பக்கமும் வளைவு வைத்து, கை நழுவாமல் இருக்கத் தோல் பட்டை வைத்து. பிரமாதமான வேலைப்பாடு. கொடுத்துவிட்டு அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான்தான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். “நீங்க என்ன பண்ணுவீங்க, விளையாட்டுன்னா அப்படித்தான்” என்றேன். இப்போது மரம் அறுக்க மட்டும்தான் கையைத் தூக்குகிறாராம்.

மாப்ளக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லை. ஆனால் கதவு படாரென்று சாத்தினாலோ, தெருவில் யாராவது கை தட்டிக் கூப்பிட்டாலோ உடம்பு முழுக்கத் தூக்கிப் போடுகிறது. அவருக்குப் பழைய நாளெல்லாம் ஞாபகம் வருகிறது என்று நான் சொன்னேன். தங்கச்சி அழைப்பு மணியைக் கழற்றிவிட்டாள். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருக்கிறாள். என்னையும் வர வேண்டாம் என்றாள். என் குரல் ஆகாதாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. களைத்துப்போயிருக்கிறாள், சரியாகிவிடும்.

என் வீட்டுக்காரி என்னோடு பேசுகிறாள், ஆனால் அந்தக் கைப்பேசிப் படங்களையெல்லாம் அழித்துவிட்டாள். முன்பு போலச் சிரிப்பதில்லை. அவளுக்கும் கொஞ்ச நாள் ஆகும்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணே, அவர் ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே. உனக்குப் புரிஞ்சுதா?” இல்லை என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்ட பதில் அதுதான். நீங்கள் அரசாங்க மனுஷி, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆமாம், புரிந்தது. இரண்டு தடவையும் புரிந்தது. புரிந்துதான் கையை உயர்த்தினேன். ஆகவே நடுவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். ரெஃப்ரியையும் ஒன்றும் சொல்லாதீர்கள், அவருக்குக் காது கேட்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். வண்டி கிளம்புகிற நேரம் ஆகிறது.

ஏன் கையை உயர்த்தினேன் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அம்மா. அங்கே போதும் என்றவர் ஒரே ஒரு ஆள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று, வேண்டும் வேண்டும் என்று ஒரே குரலில் கேட்கிறது. அத்தனை பேர் ஆசைக்குக் குறுக்கே நிற்க நான் யார்?